டொரோண்டோ குளிரில் தெர்மல் உள்ளாடை: புதிதாக வருபவர்களுக்கு

டொரோண்டோவுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் ஜாக்கெட்டைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எந்த பிராண்ட், எத்தனை டாலர், சென்னையிலேயே வாங்கிவிடலாமா என்று. உள்ளே போடும் தெர்மலை, அதாவது தோலோடு ஒட்டிக் குளிர் தாங்கும் நீள உள்ளாடையை, யாரும் விசாரிப்பதில்லை, கூச்சமாக இருக்கிறது. கேட்டாலும் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். என்னுடைய முதல் குளிர்காலத்தில் "அதெல்லாம் வயசானவங்க போடுறது" என்றார் ஒருவர். "போடாம வாசல் தாண்டாதே" என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். யார் சொல்வது சரி என்று தெரியாமலே பாதிக் குளிர்காலம் போனது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்ல ஜாக்கெட் மேல் உடம்பைக் காப்பாற்றிவிடும். அதற்குக் கீழே, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, ஒரே ஒரு ஜீன்ஸ்தான் இருக்கும். கையில் காசு குறைவாக இருந்தால் மேல் தெர்மலை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள், கால் தெர்மலை முதலில் வாங்குங்கள்.

1. யார் சொல்வதைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

"பதினஞ்சு வருஷமா இங்க இருக்கேன், ஒருநாள்கூட தெர்மல் போட்டதில்லை" என்று சொல்பவரைக் கட்டாயம் சந்திப்பீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டோடு சேர்ந்த கராஜ், காரில் ஹீட்டர், ஆபீஸில் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் என்று அவருடைய நாள் ஓடுகிறது. வெளிக்காற்றில் அவர் நிற்பது மொத்தமாகச் சேர்த்தாலும் சில நிமிடங்கள்தான். விடியற்காலையில் மார்க்கம் ரோட்டில் பேருந்துக்குக் காத்து நிற்கும் உங்களுக்கு அந்த அனுபவம் உதவாது. ஆலோசனை சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, நீங்க வேலைக்கு எதுல போறீங்க?" பேருந்தில் போகிறவர், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர், சாப்பாடு டெலிவரி செய்கிறவர், இவர்கள் சொன்னால் கவனமாகக் கேளுங்கள்.

அடுத்து, "முதல் வருஷமே போட்டா உடம்பு பழகாது" என்பார்கள். குளிர் ஓரளவு பழகும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு பழகினாலும் காற்று உங்கள் தொடையிலிருந்து சூட்டை உருவிக்கொண்டு போவது நிற்காது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, கட்டட வேலையும் தபால் வேலையும் பார்க்கிறவர்கள் ஜனவரியில் உள்ளே போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருகிறார்கள். அதை யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கூச்சம் இளைஞர்களுக்குத்தான் அதிகம். நீள உள்ளாடை போட்டால் கிழவனாகிவிட்டதுபோல ஒரு நினைப்பு, அறையில் கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்களோ என்ற பயம். பெண்களுக்கு, ஜீன்ஸுக்குள் போட்டால் பருமனாகத் தெரியுமே என்ற கவலை. இப்போது வரும் மெல்லிய தெர்மல் லெகின்ஸ் கனம்கூட இருப்பதில்லை. போட்டிருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். முதல் குளிர்காலத்திலேயே முட்டி விறைத்து, காய்ச்சல் வந்து, வேலைக்குப் போக முடியாமல் ஒரு வாரச் சம்பளத்தை இழப்பதைவிட இந்தக் கூச்சத்தை முதல் நாளே விட்டுவிடுவது நல்லது.

2. உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள்

வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். கைபேசியில் அதற்குப் பக்கத்திலேயே 'ஃபீல்ஸ் லைக்' என்று ஒரு எண் இருக்கும். குளிர்காலத்தில் அது காற்றையும் சேர்த்த எண். வானொலியில் விண்ட் சில் என்பார்கள். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 13. மைனஸ் 10இல் அதே காற்று மைனஸ் 20 ஆகிவிடும். விண்ட் சில் மைனஸ் 28க்குக் கீழே இறங்கினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்பது கனடா வானிலைத் துறையின் எச்சரிக்கை. டொரோண்டோவில் அப்படிப்பட்ட நாட்கள் குறைவு. கனடாவின் மேற்கே வின்னிபெக், எட்மன்டன் பக்கம் போகிறவர்களுக்கு அது வழக்கமான குளிர்காலம்.

நான் பின்பற்றும் கணக்கு இது. விண்ட் சில் பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் ஒன்றும் வேண்டாம். பூஜ்யத்திலிருந்து மைனஸ் 10 வரை, பத்து நிமிடத்துக்கு மேல் வெளியே நிற்க வேண்டுமானால் மெல்லிய கால் தெர்மல். மைனஸ் 10க்குக் கீழே போனால் காலுக்கும் மேலுக்கும் இரண்டும். மைனஸ் 20க்குக் கீழே கொஞ்சம் கனமானது, அல்லது மெல்லியதன் மேல் தளர்வான பேன்ட். பேருந்து நிறுத்தம் வீட்டிலிருந்து இரண்டு நிமிட நடைதானே என்று நினைக்காதீர்கள். நடக்கிற நேரம் இரண்டு நிமிடம்தான். பனி கொட்டும் நாளில் பேருந்து வராமல் நிற்கிற நேரம்தான் ஆளை வாட்டும். டொரோண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் 2023 ஜூலையோடு 3ஆம் வழித்தட ரயில் ஓடுவது நின்றுபோன பிறகு, அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் பேருந்தையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. வீடு பார்க்கும்போதே இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பேருந்து, சப்வே, கடை, ஆபீஸ் எல்லாமே உள்ளே நன்றாகச் சூடேற்றப்பட்டிருக்கும். ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம், தெர்மலை எங்கே போய்க் கழற்றுவது? அளவுக்கு மீறிக் கனமாகப் போட்டால் உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துவிடும். நாள் முழுக்க உள்ளே வேலை, போக வர மட்டும் வெளியே என்றால் உங்களுக்கு மெல்லியதுதான் சரி. இரவு செக்யூரிட்டி, குளிர்பதனக் கிடங்கு, டெலிவரி என்றால்தான் கனமானது.

3. காட்டனை ஒதுக்குங்கள்

நம் ஊரில் சிறு வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்தது, உடம்புக்குக் காட்டன்தான் நல்லது என்று. வெயிலுக்கு அது உண்மை. இங்கே அதே பழக்கம்தான் பலரை மாட்டிவிடுகிறது. காட்டன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறீர்கள், முதுகு வியர்க்கிறது, அப்புறம் அடுத்த நிறுத்தத்தில் காற்றில் நிற்கிறீர்கள். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு காற்றில் நிற்பதுபோல உடம்பு வெடவெடக்கும்.

வாங்கும்போது உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். பாலியஸ்டர், அக்ரிலிக், ரேயான், ஸ்பான்டெக்ஸ் என்று கலந்திருந்தால் அது செயற்கை இழை. விலை குறைவு, சீக்கிரம் காயும். ஒரே குறை, வியர்வை நாற்றம் தங்கும், இரண்டு முறை போட்டால் துவைத்தாக வேண்டும். மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி விலை அதிகம். ஆனால் ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகும் சூடு தரும், நாற்றமும் சீக்கிரம் பிடிக்காது. கம்பளி என்றதும் அரிக்கும் என்று பயப்பட வேண்டாம். மெரினோ இழை மிக நுண்ணியது, பெரும்பாலானவர்களுக்கு அரிப்பதில்லை. பட்டிலும் தெர்மல் உண்டு. மெலிதாக, மென்மையாக இருக்கும், ஆனால் பார்த்துத் துவைக்க வேண்டும்.

என் கருத்தில் புதிதாக வருபவருக்குச் செயற்கை இழையே போதும். நாள் முழுக்க வெளியில் நிற்கும் வேலை கிடைத்தால் மட்டும் ஒரு மெரினோ கால் தெர்மலுக்குச் செலவு செய்யுங்கள். கால் தெர்மல் வாங்கிவிட்டு அதன் கீழே காட்டன் சாக்ஸ் போடுகிறவர்கள் நிறையப் பேர். பாதம் வியர்த்து ஈரமானால் மேலே போட்டிருப்பதெல்லாம் வீண். சாக்ஸும் கம்பளியாகவோ கம்பளி கலந்ததாகவோ இருக்கட்டும்.

4. ஊரிலிருந்து என்ன கொண்டுவரலாம்

ஜாக்கெட், பூட்ஸ் இரண்டையும் ஊரில் வாங்க வேண்டாம். எடையும் அதிகம், இந்தக் குளிருக்குத் தாங்குமா என்பதும் நிச்சயமில்லை. தெர்மல் கொஞ்சம் கொண்டுவரலாம். ஒரு செட் அரைக் கிலோகூட இருக்காது, பெட்டியின் மூலையில் அடங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் வந்து இறங்குகிறவர்கள் ஒரு செட்டைக் கட்டாயம் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் சமாளிக்கலாம்.

சென்னை, கோவை, திருச்சியில் உள்ளாடைக் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நம் ஊரில் இதற்குக் கிராக்கி இல்லாததால் பல கடைகளில் எல்லா அளவும் இருக்காது. ரூபா, லக்ஸ், ஜாக்கி போன்ற கம்பெனிகளின் தெர்மல்கள் சுமார் 500 ரூபாயிலிருந்து கிடைக்கும். அவற்றில் காட்டன் கலந்தவை நிறைய. அட்டையைத் திருப்பிப் பார்த்து, காட்டன் அதிகம் என்றால் வீட்டுக்குள் போட மட்டும் வாங்குங்கள். டெக்கத்லானில் பனிச்சறுக்கு, மலையேற்றப் பிரிவில் கிடைப்பவை பெரும்பாலும் பாலியஸ்டர், அவை இங்கே நன்றாக உழைக்கும். இரண்டு செட்டுக்கு மேல் வேண்டாம். இங்கே வந்து சூழலைப் பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம்.

இதில் காகித வேலையும் கொஞ்சம் உண்டு. பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை கிடைத்துக் குடியேறி வருகிறவர்கள் தங்கள் உடைமைகளை எழுதிக் கொடுக்க பிஎஸ்எஃப் 186 என்று ஒரு படிவம் இருக்கிறது. கையோடு கொண்டுவருவது, பின்னால் வரப்போவது என்று இரண்டு பட்டியல் தயார் செய்துகொள்ளுங்கள். துணிகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை, 'உடைகள்' என்று மொத்தமாக ஒரு மதிப்புப் போடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். குடியேறுபவருக்கான வரிவிலக்கு, வருவதற்கு முன்பே உங்களுக்குச் சொந்தமாகி, உங்கள் கையில் இருந்து, நீங்கள் பயன்படுத்திய பொருளுக்குத்தான். அதனால் புதுத் தெர்மலை விலைச்சீட்டோடு அடுக்காமல் சீட்டைக் கிழித்து, ஒருமுறை துவைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். அளவும் அப்போதே தெரிந்துவிடும். அம்மா பிறகு பார்சலில் அனுப்புவார் என்றால், அதை இரண்டாவது பட்டியலில் முதல் நாளே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் பின்னால் வரும்போது வரி கேட்கக்கூடும். மாணவர்கள் சொந்த உபயோகத்துக்கான துணியைக் கொண்டுவருவதில் சிக்கல் எதுவும் இல்லை, அதிகாரி கேட்டால் இருப்பதைச் சொன்னால் போதும்.

5. இங்கே எங்கே, எப்போது, எவ்வளவு

ஸ்கார்பரோவிலும் பக்கத்து ஊரான பிராம்ப்டனிலும் வால்மார்ட் இல்லாத பேட்டை குறைவு. அங்கே ஒரு உருப்படி சுமார் 15 முதல் 25 டாலர். காஸ்ட்கோவில் இன்னும் மலிவு, ஆனால் உறுப்பினர் அட்டை வேண்டும். அட்டை வைத்திருக்கும் நண்பரோடு போய் வாங்கிக்கொள்ளலாம். யூனிக்லோ கடையின் ஹீட்டெக் தெர்மல் மூன்று கனத்தில் வருகிறது. மெல்லியது சுமார் 20 முதல் 30 டாலர். ஆபீஸ் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான், சட்டைக்கு வெளியே தெரியாது. வெளி வேலைக்காரர்கள் மார்க்ஸ் கடைக்குப் போங்கள். வேலைக்கான உடுப்பு விற்கும் கடை அது, கனமான ரகம் கிடைக்கும். நோவா ஸ்கோஷியாவின் ட்ரூரோவிலிருந்து வரும் ஸ்டான்ஃபீல்ட்ஸ் பழைய கனடா கம்பெனி, அவர்களுடைய கம்பளி ரகம் வருஷக்கணக்கில் உழைக்கும். மெரினோ என்றால் ஒரு உருப்படிக்கு 80 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்.

விலைச்சீட்டில் இருப்பது கடைசி விலை இல்லை. டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், கல்லாவில் 13 சதவீத எச்எஸ்டி என்ற விற்பனை வரி சேரும். 30 டாலர் தெர்மலுக்கு 33.90 கட்டுவீர்கள். பிள்ளைகளின் உடுப்புக்கு அந்த வரியில் மாகாணத்தின் பங்கான 8 சதவீதம் கிடையாது, மத்திய அரசின் 5 சதவீதம் மட்டும்தான். ரசீதில் அப்படித்தான் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மேலுக்கு இரண்டு, காலுக்கு இரண்டு என்று 22 டாலர் உருப்படி நான்கு வாங்கினால் வரியோடு 99.44 டாலர். முதல் வருஷத்துக்கு இந்தப் பட்ஜெட் போதும்.

எப்போது வாங்குவது? அக்டோபர் முடிவதற்குள் ஒரு செட் கையில் இருக்க வேண்டும். நவம்பரிலேயே பனி விழுந்துவிடும். முதல் பனி விழுந்த வாரக் கடைசியில் சின்ன அளவுகளும் நடு அளவுகளும் முதலில் தீர்ந்துபோகும், நம்மவர்களுக்கு வேண்டியதும் அந்த அளவுகள்தான். இரண்டாவது செட்டுக்கு நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடே வரையோ டிசம்பர் 26 பாக்சிங் டே வரையோ பொறுக்கலாம், இரண்டும் தள்ளுபடி விற்பனை நாட்கள். பிப்ரவரியில் கடைகள் வசந்தகால உடுப்புக்கு மாறத் தொடங்கும். அப்போது கழிவு விலையில் கிடைக்கும், ஆனால் அளவு கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உள்ளாடை என்பதால் பல கடைகளில் உறையைப் பிரித்தால் திரும்ப எடுப்பதில்லை. வாங்கும் முன்பே, "பிரித்துப் போட்டுப் பார்த்த பிறகு மாற்றித் தருவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். முதலில் ஒன்று மட்டும் வாங்கி, அளவு சரி என்று தெரிந்த பிறகு மற்றவற்றை வாங்குவது இன்னும் நல்லது. மாணவர் அட்டையையும் கையில் வைத்திருங்கள், சில கடைகளில் தள்ளுபடி உண்டு.

குடியேற்ற உதவி மையங்களும் சில கோயில்களும் தேவாலயங்களும் குளிர்காலத் தொடக்கத்தில் இலவச உடுப்பு தருவதுண்டு. அடையாள அட்டை, குடியேறிய ஆவணம் அல்லது படிப்பு அனுமதி, முகவரிக்கு ஏதாவது ஒரு கடிதம், இவற்றின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அவை நடக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் ஜாக்கெட், தொப்பி, கையுறைதான் கிடைக்கும். உள்ளாடையை நீங்கள்தான் வாங்க வேண்டும். ஜாக்கெட்டில் மிச்சமான பணத்தை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

6. அளவும் போடும் விதமும்

தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. இடுப்பிலும் கணுக்காலிலும் தழும்பு விழுந்தால் அளவு சின்னது, ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும். முட்டிக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்தால் பெரியது. இங்கத்திய அளவுகள் நம் ஊரைவிடப் பெரிதாக இருக்கும். ஊரில் லார்ஜ் போடுகிறவருக்கு இங்கே மீடியம் பொருந்த வாய்ப்பு அதிகம்.

ஜட்டியின் மேல் கால் தெர்மல். மேல் தெர்மலின் நுனியை அதற்குள் செருகுங்கள், குனியும்போது இடுப்பில் காற்று புகாது. சாக்ஸை தெர்மலின் கணுக்கால் பட்டைக்கு மேலே இழுத்துவிடுங்கள். பனியன் போட்டு அதற்கு மேல் தெர்மல் போடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. பனியன் காட்டன், வியர்வை அதில்தான் தங்கும். பனியனை விட்டுவிடுங்கள். உடம்போடு ஒட்டிய ஜீன்ஸுக்குள் தெர்மல் நுழையாது, குளிர்காலத்துக்கென்று ஒரு சுற்றுத் தளர்ந்த பேன்ட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வாங்கும்போது முன்னால் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கழிவறையில்தான் அதன் அருமை தெரியும்.

வேலை நேர்காணலுக்கு மெல்லியதைத் தாராளமாகப் போடலாம். கோட் சூட் பேன்ட் துணி மிக மெலிது, உள்ளே ஒன்றும் இல்லாமல் போனால் நடுங்கிக்கொண்டே பதில் சொல்ல வேண்டியிருக்கும். சட்டையின் மேல் பட்டனைத் திறந்தால் தெர்மல் தெரியாதபடி கழுத்து இறங்கியதாக வாங்குங்கள்.

7. சேலை, வேட்டி, கோயில்

தைப் பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது, இந்த ஊரில் அதுதான் குளிரின் உச்சம். கனடாவில் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகவும் கொண்டாடுவதால் அந்த மாதம் முழுக்க விழாக்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பார்க்கிங்கிலிருந்து மண்டபம் வரை நடப்பது சின்னத் தூரம்தான், ஆனாலும் சேலைக்குள் கீழிருந்து காற்று ஏறும்.

உள்பாவாடைக்குக் கீழே தெர்மல் லெகின்ஸ் போட்டால் போதும், கொசுவத்தின் கனம் மாறாது. கணுக்காலில் தெரியாமல் இருக்க ஒரு சாண் மேலே மடித்துவிடுங்கள், அல்லது முக்கால் நீளத்தில் வாங்குங்கள். மேலுக்குத்தான் சிக்கல். அளவெடுத்துத் தைத்த ரவிக்கைக்குள் தெர்மல் நுழையாது. ரவிக்கைக்குப் பதிலாகக் கழுத்து மூடிய முழுக்கை தெர்மலையே போட்டு அதன் மேல் சேலை கட்டும் பெண்கள் இப்போது நிறைய, பார்க்கவும் அழகாக இருக்கிறது. அது வேண்டாம் என்றால் முட்டிக்குக் கீழே இறங்கும் நீளக் கோட் ஒன்று இருந்தால் மேலுக்குத் தெர்மல் இல்லாமலே சமாளிக்கலாம்.

வேட்டி கட்டுகிறவர்கள் கறுப்புத் தெர்மல் வாங்க வேண்டாம். வெள்ளை வேட்டிக்குள் அப்படியே தெரியும். வெளிர் சாம்பல், அல்லது தோல் நிறத்துக்குப் பக்கத்தில் ஒன்று இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலாக இருந்தாலும் ஸ்கார்பரோவில் இருக்கும் சின்னக் கோயில்களாக இருந்தாலும் பூட்ஸை வாசலில் கழற்ற வேண்டும். எல்லாருடைய பூட்ஸிலிருந்தும் உருகிய பனி அங்கே தண்ணீராக நிற்கும். அதில் கால் வைத்தால் சாக்ஸ் நனைந்துவிடும், திரும்பும்போது அந்த ஈரத்தோடுதான் பூட்ஸைப் போட வேண்டும். பையில் ஒரு ஜோடி மாற்றுச் சாக்ஸ் வைத்திருங்கள்.

8. பிள்ளைகளும் ஊரிலிருந்து வரும் பெற்றோரும்

பள்ளியில் மைனஸ் 10இலும் பிள்ளைகளை இடைவேளைக்கு வெளியே விடுவார்கள். தெர்மல், அதன் மேல் பேன்ட், அதன் மேல் ஸ்னோ பேன்ட். சின்ன வகுப்புப் பிள்ளை இதையெல்லாம் தானே இறக்கிக் கழிவறை போக வேண்டும். பட்டன், நாடா எதுவும் வேண்டாம், எலாஸ்டிக் இடுப்பாக வாங்கி வீட்டில் நான்கு முறை பழக்குங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். பிள்ளை வளரும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் தெர்மல் வேலை செய்யாது.

பெற்றோர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். வயதானவர்களுக்குக் குளிர் சீக்கிரம் ஏறும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு விறைப்பதே தெரியாது. தோல் வெளுத்து மரத்துப்போனால் அது ஆபத்தின் அறிகுறி. தேய்க்கக் கூடாது, உள்ளே அழைத்து வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், உணர்ச்சி திரும்பாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "இத்தனை வயசுல நான் பேன்ட் போடணுமா" என்று அம்மா மறுப்பார். வாதம் செய்ய வேண்டாம். "சுடிதாருக்குப் போடுற லெகின்ஸ்தான்மா, சேலைக்குள்ள யாருக்குத் தெரியப்போகுது" என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் போட வையுங்கள். சூடு பழகிவிட்டால் அவரே கேட்பார். அப்பாவுக்கு லுங்கிக்குள் போட்டுப் பழக்கலாம்.

9. துவைப்பது

அபார்ட்மென்ட் லாண்டரியில் துவைக்கவும் காயவைக்கவும் தனித்தனியாகக் காசு. தெர்மலை டிரையரில் போடாதீர்கள். மெரினோ சுருங்கும், செயற்கை இழையின் எலாஸ்டிக் தளரும். குளிர்ந்த தண்ணீரில் துவைத்து அறைக்குள் கொடியில் போடுங்கள். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று அவ்வளவு வறட்சி, இரவு போட்டால் காலையில் காய்ந்திருக்கும், காசும் மிச்சம். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், இழையில் படிந்து ஈரம் வெளியேறுவதைக் கெடுக்கும்.

அதே வறட்சியில் உங்கள் தோலும் காய்ந்து அரிக்கும். தெர்மல்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் அப்போது கழற்றி எறிந்துவிடுகிறார்கள். குளித்தவுடன் ஈரம் போவதற்குள் மாய்ஸ்சரைசர் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அரிப்பு அடங்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் அது தோலில் ஊறும்வரை பொறுத்து, அப்புறம் போடுங்கள். எண்ணெய் பட்ட பாலியஸ்டரில் வாடை ஏறினால் எத்தனை துவைத்தாலும் போகாது.

10. வீட்டுக்குள்ளேயே குளிர்ந்தால்

பேஸ்மென்டில், அதாவது வீட்டின் நிலவறையில், வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். "குளிருதுன்னா உள்ள தெர்மல் போட்டுக்கோங்க" என்று சொல்லும் வீட்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பதில் கிடைத்தது. அதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. டொரோண்டோ நகர விதிப்படி, ஹீட்டர் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் இருந்தால் குளிர் மாதங்களில் வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும். தெர்மல் வெளியே போவதற்கு, ஹீட்டருக்கு அது மாற்று ஆகாது.

பத்துப் பதினைந்து டாலருக்கு ஒரு அறை வெப்பமானி வாங்குங்கள். காலை, இரவு என்று சில நாட்கள் தேதியோடு படம் எடுங்கள். வாயால் சொல்லாமல் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ உரிமையாளருக்கு எழுதுங்கள், பதிலையும் பத்திரப்படுத்துங்கள். சரிசெய்யவில்லை என்றால் நகராட்சியின் உதவி எண்ணான 311க்கு அழைத்துப் புகார் கொடுத்து, அவர்கள் தரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம், வாடகை கட்டிய ரசீது இரண்டும் கையில் இருக்கட்டும். தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.

11. எடுத்து வைப்பது

மார்ச்சில் ஒரு வாரம் வெயில் அடித்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடாதீர்கள். ஏப்ரலிலும் இங்கே பனி விழும். ஒரு செட்டை மே மாதம் வரை அலமாரியிலேயே விட்டுவையுங்கள். மற்றவற்றைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள பெட்டியில் போடுங்கள். வியர்வை படிந்த மெரினோவை அப்படியே வைத்தால் பூச்சி அரித்து ஓட்டை போடும். முட்டியிலும் இடுப்பிலும் துணி தளர்ந்திருந்தால் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அக்டோபரில் வாங்க வேண்டியது அதுதான்.